நுண்ணூட்ட உரம் தெளித்தும் சோயா மொச்சை காய்க்கவில்லை: குறை எங்கே?

ஈசூன் தோட்டக்காரன்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில், இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட உயர்த்திய பாத்தி ஒன்றை ஈராண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். தண்டுக்கீரையும் வெண்டையும் குறைவின்றி வருகின்றன. என் பேத்தி எடமாமேயை (முற்றுமுன் பச்சையாகப் பறித்து உண்ணும் சோயாக் காயை) மிகவும் விரும்பி உண்பாள் என்பதால், இவ்வாண்டு அதே வகைச் சோயா மொச்சையை முதன்முறையாக விதைத்தேன்.

மூன்றாம் வாரத்தில் புதிதாக வந்த இலைகள் வெளிறத் தொடங்கின. நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகிவிட்டது. செடிக்கடை ஒன்றில் கேட்டபோது, இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, போரான், தாமிரம் எல்லாம் கலந்த நுண்ணூட்டத் திரவம் ஒன்றைக் கொடுத்து, அதையே வாரந்தோறும் தெளிக்கச் சொன்னார்கள். விரைவில் குணமாக வேண்டும் என்ற ஆவலில் அட்டையில் குறித்த அளவைப் போல் இரு மடங்காக நான்கு வாரங்கள் தெளித்தேன். மேலிலைகள் ஓரளவு தேறின. ஆனால் அடியிலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. செடிகள் ஓரடி உயரம்கூட எட்டாமல் பூத்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஆறேழு காய்களே உள்ளன.

நுண்ணூட்ட உரம் சோயாவின் வளர்ச்சியையும் விளைச்சலையும் உயர்த்துகிறது என்று பல கட்டுரைகளில் படித்திருக்கிறேன். அப்படியானால் என் பாத்தியில் ஏன் பலிக்கவில்லை? எந்தச் சத்தை இன்னும் கூட்ட வேண்டும்?

செங்காங் கீரைப்பாத்தி

ஐயா, எனக்கும் பயற்றங்காயில் இதே மஞ்சள் நிறம் வந்தது. ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து கிராம் இரும்பு சல்பேட்டும் ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பும் கலந்து மாலை வேளையில் தெளித்தேன். ஒரு வாரத்தில் இலைகள் பச்சையாயின. ஆனால் அதற்குப் பின் வந்த துளிர் மறுபடியும் மஞ்சளாகவே வந்தது. அதனால் தெளிப்பு நோயைத் தீர்த்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. காரணம் தெரிந்தவர்கள் விளக்கினால் நானும் கற்றுக்கொள்வேன்.

மண்ணியல் படித்தவன்

நான் கோயம்புத்தூரில் வேளாண்மை படித்துவிட்டு இங்கு வேறு துறையில் பணியாற்றுகிறேன். எதைக் கூட்டுவது என்று சொல்லும் முன் மூன்று விவரங்கள் வேண்டும். மண்ணின் கார அமில நிலையை (pH; 7க்கு மேல் காரம், கீழே புளிப்பு) அளந்தீர்களா? பாத்தியில் சுண்ணாம்பு, எரு போன்றவற்றை எவ்வளவு இட்டீர்கள்? ஒரு செடியை வேரோடு மெல்லப் பிடுங்கி, வேர் முடிச்சுகள் உள்ளனவா என்றும், முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே என்ன நிறம் தெரிகிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள். இந்த மூன்றும் தெரியாமல் யார் எந்த உரத்தைப் பரிந்துரைத்தாலும் ஏற்காதீர்கள்; நான் பரிந்துரைத்தாலும் அப்படியே.

ஈசூன் தோட்டக்காரன்

நன்றி ஐயா. இன்று காலை மூன்றையும் செய்தேன். அளவிப் பெட்டியில் 7.8 காட்டியது. சிங்கப்பூர் மண் புளிப்பானது என்று தோட்டத்தில் பலரும் சொன்னதால் மாதம் ஒரு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்பு போட்டு வந்தேன். கோழி எரு உருண்டைகளும் இரு வாரத்திற்கு ஒரு முறை இட்டேன். பாத்தியின் நாற்புறமும் சிமெண்டுக் கல். வேரில் முடிச்சே இல்லை. பத்துச் செடிகளில் ஒன்றில் மட்டும் இரண்டு சிறு முடிச்சுகள், உள்ளே வெண்மையாக இருந்தன.

மண்ணியல் படித்தவன்

இப்போது பெரும்பாலும் தெளிவாகிவிட்டது. சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. எந்த மண்ணிலும் இரும்பு ஏராளமாக இருக்கும்; செடி எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவில் இருக்கிறதா என்பதே கேள்வி. கார அமில நிலை ஓர் அலகு உயரும்போது கரையும் இரும்பின் அளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகவும், மாங்கனீசின் அளவு நூற்றில் ஒரு பங்காகவும் குறைகின்றன. துத்தநாகமும் தாமிரமும் அதே திசையில் இறங்குகின்றன. இந்தத் தீவின் இயற்கையான மண் மழையில் அரிக்கப்பட்டுப் புளித்தது என்று உங்கள் நண்பர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் உயர்த்திய பாத்தியில் இருப்பது அந்த மண் அன்று. மக்கு உரமும் மணலும் கலந்து கொண்டுவந்து கொட்டிய கலவை. அதற்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டதா என்று அளந்து பார்த்த பிறகே இட்டிருக்க வேண்டும். சிமெண்டுக் கல்லிலிருந்தும் காரம் கசியும். கோழி எருவால் சேரும் மணிச்சத்து (பாஸ்பரஸ்), துத்தநாகம் வேருக்குள் செல்வதைத் தடுக்கும்.

இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருப்பது இரும்பு அல்லது மாங்கனீசுப் பற்றாக்குறையின் அடையாளம். இவை பழைய இலையிலிருந்து புது இலைக்கு எளிதில் நகராத சத்துகள். செங்காங் சகோதரி கேட்டதற்கும் இதுவே விடை: தெளித்த இரும்பு அது பட்ட இலையை மட்டும் பசுமையாக்கும், அடுத்து வரும் துளிர் வேரையே நம்பியிருக்கிறது, வேரோ காரமண்ணில் தவிக்கிறது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா, மின்னசோட்டா பகுதிகளில் சுண்ணாம்பு மிகுந்த வயல்களில் சோயாவுக்கு இதே நோய் பெரும் பரப்பில் வருகிறது. அங்கே உழவர்கள் முதலில் நாடுவது தாங்கும் இரகத்தை. அடுத்து, விதைக்கும்போதே சாலில் இடும் ஒருவகைக் கிலேட் இரும்பை, அதாவது கரையும் வடிவிலேயே இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் சேர்மத்தை. இலைவழித் தெளிப்பை அவர்கள் பெரிதாக நம்புவதில்லை. கிலேட்டிலும் வேறுபாடு உண்டு: கடையில் மலிவாகக் கிடைக்கும் இடிடிஏ (EDTA) வகை, நிலை 6.5ஐத் தாண்டினால் இரும்பை விட்டுவிடும். இடிடிஎச்ஏ (EDDHA) வகையே 7.8 போன்ற மண்ணில் நிலைத்து நிற்கும்.

அடியிலை ஓரம் கருகியதற்குப் போரான் மிகுந்ததே காரணமாக இருக்கக்கூடும் என்று கருதுகிறேன். போரான் நீரோடு மேலேறி, நீர் ஆவியாகும் இலை விளிம்பில் தங்கிவிடும். ஆகவே முதிர்ந்த இலைகளின் ஓரமே முதலில் எரியும். மகரந்தக் குழல் நீளவும் காய் பிடிக்கவும் போரான் இன்றியமையாதது. ஆனால் போதிய அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இவ்வளவு குறுகிய வரம்பு வேறெந்தச் சத்துக்கும் இல்லை என்றே சொல்லலாம். கணக்குப் பாருங்கள்: எக்டேருக்கு ஒரு கிலோ போரான் என்பதே சோயாவுக்குத் தாராளமான அளவு. உங்கள் இரண்டரைச் சதுர மீட்டருக்கு அது கால் கிராம். 11 விழுக்காடு போரான் உள்ள வெண்காரமாக (போராக்ஸ்) அளந்தால் இரண்டேகால் கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி. அதுவும் ஒரு பருவம் முழுவதற்கும். இரு மடங்குத் திரவத்தை நான்கு முறை தெளித்தது எந்த அளவுக்குப் போயிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். நல்லவேளையாகப் போரான் நீரில் எளிதில் கரைந்து வடிந்துவிடும். நம் ஊர் மழையே அதைக் கழுவிவிடும்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. நுண்ணூட்டம் விளைச்சலைக் கூட்டுமா? குறை இருக்கும் இடத்தில் கூட்டும், அதுவும் வியக்கும்படி கூட்டும். குறை இல்லாத இடத்தில் கூட்டாது. 2019, 2020 ஆண்டுகளில் அமெரிக்காவின் 16 மாநிலங்களில் இலைவழி உரங்களைச் சோயாவில் சோதித்தார்கள். விளைச்சல் உயர்வது அரிது என்பதே முடிவு. பிரேசிலின் செராடோ சமவெளியிலோ மண் இயல்பாகவே கடும் புளிப்பு. அங்கே மாலிப்டினம் செடிக்கு எட்டாமல் மண்ணோடு பிணைந்துவிடும். எனவே எக்டேருக்கு 12 முதல் 25 கிராம் மாலிப்டினமும் 2 முதல் 3 கிராம் கோபால்ட்டும் இடுமாறு அந்நாட்டின் வேளாண் ஆய்வு நிறுவனமான எம்பிராப்பா பரிந்துரைக்கிறது. கிராம் என்றுதான் எழுதியிருக்கிறேன், கிலோ அன்று. தமிழ்நாட்டில் எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்று சொல்வது இன்னொரு மண்ணின் தேவை. நீங்கள் படித்த கட்டுரைகள் பொய்யல்ல. அவற்றில் சொல்லப்பட்ட நிலம் உங்கள் பாத்தி அன்று, அவ்வளவுதான்.

கடைசியாக முடிச்சு. என் கணக்கில் உங்கள் பெரிய இழப்பு இங்கேதான். சோயாவுக்குத் தேவையான தழைச்சத்தில் (நைட்ரஜன்) பாதியோ அதற்கு மேலோ வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்துத் தருவது. பயற்றங்காய்க்கு முடிச்சுப் போடும் பாக்டீரியா நம் மண்ணில் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான சோயா இரகங்கள் அதை ஏற்பதில்லை, அவற்றுக்கென்று உள்ள பிராடிரைசோபியம் ஜப்பானிகம் என்ற பாக்டீரியா வேண்டும். சோயா இதற்குமுன் விளையாத பாத்தியில் அது தானாக வந்து சேராது. வேலை செய்யும் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு இரும்பைக் கொண்ட ஒரு புரதத்தால் வருவது. தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்கு இரும்போடு மாலிப்டினமும் தேவை. பாக்டீரியாவுக்குக் கோபால்ட் தேவை. நுண்ணூட்டம் சோயாவில் தனி மதிப்புப் பெறுவதற்குக் காரணம் இந்த முடிச்சுதான். முடிச்சே இல்லாத செடிக்கு அவற்றை ஊற்றுவது, அடுப்பில்லாத வீட்டில் விறகு அடுக்குவது போன்றது.

ஆகவே டோலமைட்டையும் கோழி எருவையும் நிறுத்துங்கள். தெளிப்பையும் நிறுத்துங்கள். அடுத்த விதைப்புக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கந்தகத் தூளை அளவோடு மண்ணில் கலந்து, நிலை 6.5க்கு அருகே இறங்கும்வரை மாதம் ஒரு முறை அளந்து வாருங்கள். விதைக்கும் அன்று சோயாவுக்குரிய ரைசோபியக் கலவையை (மேலே சொன்ன முடிச்சுப் பாக்டீரியா அடங்கியது) விதையில் நிழலில் பூசி, உடனே ஊன்றிவிடுங்கள்.

புக்கிட் பாத்தோக் வாசி

மேலே சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும், ஏனெனில் ஓரடி உயரத்திலேயே பூத்ததற்கு எந்தச் சத்தும் பொறுப்பல்ல.

சோயா குறும்பகல் பயிர், அதாவது பகல் குறுகி இரவு நீளும்போது பூப்பது. பகல் இரவின் நீளத்தைக் கொண்டு தாவரங்கள் பருவம் அறிகின்றன என்பதை அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இரு ஆய்வாளர்கள் 1920இல் வெளியிட்டபோது, அவர்கள் சோதித்த பயிர்களில் சோயாவும் ஒன்று. நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கும் நமக்கு ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். ஜப்பானின் கோடைக்கால நீண்ட பகலுக்குப் பழகிய விதை இங்கே முளைத்ததும், குளிர்காலம் நெருங்கிவிட்டது என்று எண்ணி அவசரமாகப் பூத்துவிடும். வெப்பமும் அதை விரைவுபடுத்தும். இலை சேர்வதற்குள் பூ வந்தால் காய் எப்படி நிறையும்? பிரேசில்காரர்கள் வெப்பமண்டலத்தில் சோயாவை நிலைநிறுத்தியதற்குச் சுண்ணாம்பும் உரமும் எவ்வளவு காரணமோ, குறும்பகலிலும் தாமதித்துப் பூக்கும் இரகங்களை உருவாக்கியதும் அவ்வளவு காரணம். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையமும் காய்கறிச் சோயாவில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. வெப்பமண்டலத்துக்கென்று குறிப்பிட்ட விதையைத் தேடுங்கள்.

கிடைக்காவிட்டால் நான் செய்வதைச் செய்து பாருங்கள். என் மாடியில் நடைபாதை விளக்கு இரவு முழுவதும் எரிகிறது. நடைவழியை மறைக்காமல் அதன் கீழே தொட்டிகளை வைத்து, ஐந்தாறு மூவிலைகள் (மூன்று சிற்றிலைகள் சேர்ந்த இலைகள்) விடும்வரை நாற்றை வளர்த்துவிட்டுப் பிறகே இருட்டான இடத்துக்கு மாற்றுகிறேன். மங்கலான ஒளியே போதும், செடி இரவு குறுகிவிட்டதாக உணர்ந்து பூப்பதைத் தள்ளிப்போடுகிறது. அமெரிக்க வயல்களில் தெருவிளக்கின் அடியில் நிற்கும் சோயா மட்டும் முதிராமல் பச்சையாகவே நிற்பதும் இதனால்தான். வேர் கலையாமல் மாற்றுவது கடினம் என்பதால் மக்கும் குவளையில் வளர்ப்பது நல்லது.

ஈசூன் தோட்டக்காரன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உரத்தைக் கூட்டலாம் என்று வந்தவனுக்கு, நிறுத்த வேண்டியவை இத்தனை என்று புரிந்தது. ஓர் ஐயம் மட்டும். நிலை 6.5க்கு இறங்கிய பின், முடிச்சும் வந்த பின், மாலிப்டினம் கொடுக்க வேண்டுமா? கொடுப்பதானால் இவ்வளவு சிறிய பாத்திக்கு எப்படி அளப்பது?

மண்ணியல் படித்தவன்

6.5இல் மாலிப்டினம் பெரும்பாலும் மண்ணிலிருந்தே கிடைத்துவிடும். இந்த ஒரு சத்து மட்டும் மற்றவற்றுக்கு நேர்மாறாக, காரம் கூடக் கூட எளிதாகக் கிடைக்கும். முடிச்சுகள் நிறைய இருந்தும் உள்ளே சிவக்காமல், முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளானால் அப்போது ஐயப்படலாம். நிலை 5.5க்குக் கீழே இறங்கிவிட்டால் நிச்சயம் ஐயப்பட வேண்டும்.

அளவு இப்படி. எக்டேருக்கு 20 கிராம் மாலிப்டினம் என்று கொண்டால் உங்கள் பாத்திக்கு 5 மில்லிகிராம். சோடியம் மாலிப்டேட்டில் ஐந்தில் இரண்டு பங்கே மாலிப்டினம் என்பதால் 13 மில்லிகிராம் உப்பு வேண்டும். அதை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. ஒரு கிராம் உப்பை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அதிலிருந்து 13 மில்லிலிட்டரை மருந்து ஊசிக்குழலால் எடுத்து, அரை லிட்டர் நீரில் கலந்து, மூன்று நான்கு மூவிலைகள் விட்ட செடிகள் மீது மாலையில் ஒரே ஒரு முறை தெளித்தால் போதும். ரைசோபியம் பூசிய விதையோடு அந்த உப்பைக் கலக்காதீர்கள், பாக்டீரியா செத்துவிடும். மீதிக் கரைசலைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பெயர் எழுதி வையுங்கள். பாத்தியின் ஒரு கோடியில் நாலைந்து செடிகளைத் தெளிக்காமல் விட்டு, அறுவடையன்று இரு பக்கத்துக் காய்களையும் தனித்தனியே எண்ணி இங்கே எழுதுங்கள்.