ஈறுல செக்கச்செவேல்னு ஒரு கட்டி, தொட்டாலே ரத்தம்

மழைத்துளி:
எனக்கு 5வது மாசம், முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஈறுல பட்டாணி சைஸ்ல சிவப்பா ஒண்ணு தொங்குது, வலி சுத்தமா இல்ல ஆனா பிரஷ் லேசா பட்டாலே ரத்தம் கொட்டுது, கூகுள் பண்ணா கேன்சர்னு பயமுறுத்துது. யாருக்காவது இப்படி வந்துருக்கா?

சுமதிஅக்கா:
மாசமா இருந்தப்ப எனக்கும் வந்துச்சும்மா. பயோஜெனிக் கிரானுலோமான்னாங்க, கேன்சர் இல்ல. குழந்தை பொறந்தப்புறம் தானா சுருங்கிருச்சு.

பல்டாக்டர்:
கேக்க அதுதான் மாதிரி இருக்கு, ஆனா நேர்ல காட்டுங்க. குட்டி குட்டி ரத்தக்குழாய் கொத்தா வளர்றதுதான் இது. ஹார்மோன் மட்டும் இல்ல, பல்லுல காரை படிஞ்சு உறுத்துனாலும் வளரும், அதனால மொதல்ல கிளீனிங், கர்ப்பத்துலயும் தாராளமா பண்ணலாம். ரத்தம் வந்தா சுத்தமான துணிய வச்சு 10 நிமிஷம் விடாம அழுத்துங்க, நடுவுல எடுத்து எடுத்து பாக்காதீங்க (எல்லாரும் அதைத்தான் பண்றாங்க!). ரொம்ப தொந்தரவுன்னா வெட்டிடலாம், ஆனா பிரசவத்துக்கு முன்னாடி எடுத்தா திரும்ப முளைக்க சான்ஸ் ஜாஸ்தி. எடுத்தா பயாப்சிக்கு (லேப்ல அந்த சதைய சோதிக்கிறது) அனுப்பணும், கண்ணால பாத்தே முடிவு பண்ணக்கூடாது.

குமார்78:
இது விரல்லயும் வரும். என் மச்சான் நூல் கட்டி அறுக்க பாத்தான், ரத்தம் நிக்கவே இல்ல. தயவுசெஞ்சு அதெல்லாம் வேணாம்.

மழைத்துளி:
தேங்க்ஸ் எல்லாருக்கும், கிளீனிங்குக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன்.