பனி கொட்டினாலும் உண்ணி சாவதில்லை: குளிர்நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் கவனத்துக்கு

"மைனஸ் இருபது அடிக்குது, இதுல எந்தப் பூச்சி உயிரோட இருக்கும்?" புதிதாக வந்தவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பனிக்காலத்தில் கொசு கடிக்காது, சரி. உண்ணியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கனடாவின் கிழக்குப் பகுதியிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் லைம் நோயை (உண்ணி கடித்தால் தொற்றும் பாக்டீரியா நோய்) பரப்புவது கருங்கால் உண்ணி. ஐரோப்பாவில் அந்த வேலையைச் செய்வது அதன் நெருங்கிய உறவு. இரண்டுமே குளிரைத் தாண்டி வாழப் பழகியவை.

முதலில் ஒரு விஷயம். உங்கள் போனில் காட்டும் வெப்பநிலை காற்றுடையது. உண்ணி காற்றில் இல்லை. மரத்தடிச் சருகுக்குள், மண்ணை ஒட்டிப் படுத்திருக்கிறது. அதன்மேல் ஓர் அடி பனி விழுந்தால் அது கம்பளி போர்த்திய மாதிரிதான். மேலே மைனஸ் இருபது இருந்தாலும் கீழே சருகுக்குள் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே பனி நிறையக் கொட்டிய வருஷம் உண்ணி குறையும் என்று நம்ப வேண்டாம். உண்ணிக்குக் கஷ்டமான குளிர்காலம் வேறு மாதிரி: பனிப்போர்வை இல்லாமல் வெறும் தரையில் கடுங்குளிர் இறங்க வேண்டும், அல்லது பனி உருகி நனைந்து மறுபடி உறைய வேண்டும். ஈரம் உடம்பைத் தொட்டுக்கொண்டு உறையும்போது உண்ணியின் உள்ளேயும் பனிக்கட்டி பிடித்துவிடும். அப்போதுதான் சாகும்.

அதற்கும் அதனிடம் ஒரு காப்பு இருக்கிறது. உடம்பு உறையாமல் தடுக்கும் ஒரு புரதத்தை உண்ணி தானே சுரக்கிறது. அனாப்ளாஸ்மா என்ற கிருமி தொற்றிய கருங்கால் உண்ணி இந்தப் புரதத்தை இன்னும் அதிகமாகச் சுரப்பதையும், குளிரை அதிகம் தாங்குவதையும் ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். அதாவது, நமக்கு நோய் தரக்கூடிய கிருமியே உண்ணியைக் குளிரிலிருந்து காப்பாற்றுகிறது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை கூடியது.

அப்படியானால் குளிர் எதுவுமே செய்யாதா? செய்கிறது, ஆனால் நாம் நினைக்கிற வழியில் இல்லை. முட்டை, குஞ்சு, இளம் உண்ணி, பெரிய உண்ணி என்று முழு வாழ்க்கையை முடிக்க அதற்குப் பொதுவாக இரண்டு வருஷமாவது வேண்டும். அடுத்த பருவத்துக்கு வளரக் கோடை வெப்பம் தேவை. ரொம்ப வடக்கே கோடை குறுகியது என்பதால் வளர்ச்சி இழுத்துக்கொண்டே போய், நடுவிலேயே பெரும்பாலானவை செத்துவிடும். சமீப காலமாகக் கோடை நீண்டு வருகிறது. உண்ணியும் வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. "எங்கள் பக்கம் உண்ணியே கிடையாது" என்று பழைய ஆட்கள் சொன்னால், அது அவர்கள் வந்த காலத்துக் கதையாக இருக்கலாம். உங்கள் ஊர் சுகாதாரத் துறையின் இப்போதைய வரைபடத்தைப் பாருங்கள்.

இனி நாம் செய்ய வேண்டியது. மாதத்தைப் பார்க்காதீர்கள், வெப்பநிலையைப் பாருங்கள். ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் பெரிய உண்ணி வெளியே வரும். இலையுதிர் காலத்தில் ரத்தம் குடிக்க மான் கிடைக்காத பெண் உண்ணி செத்துப்போகாது. சருகுக்குள் காத்திருந்து, ஜனவரியில் இரண்டு நாள் வெயில் அடித்தாலும் மேலே ஏறிவிடும். புல் நுனியிலோ செடி நுனியிலோ பின்கால்களால் பிடித்துக்கொண்டு, முன்கால்களை விரித்தபடி நிற்கும். பாய்வதும் இல்லை, பறப்பதும் இல்லை. உரசிப் போகிறவர்மேல் ஒட்டிக்கொள்வதுதான் அதன் வழி. ஆகவே பனி உருகிய நாளில் காட்டுப் பாதையில் நடந்தால், கோடையில் செய்கிற அதே சோதனையைச் செய்யுங்கள். மே முதல் ஜூலை வரை இன்னும் கவனம் வேண்டும். அப்போது திரிகிற இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும்.

"ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டிருக்கிறோமே" என்று கேட்ட அக்காவுக்கு: அது நல்லதுதான், ஆனால் உண்ணி துணிமேல் ஏறி வீட்டுக்குள் வந்து, பிறகு தோலைத் தேடிப் போகும். காய்ந்த துணியை டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிஷம் ஓட்டினால் செத்துவிடும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் சாகாது. உடம்பில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள் விரலால் தடவிப் பாருங்கள். நம் தோல் நிறத்தில் கண்ணுக்கு எளிதில் படாது. சின்னப் பொருக்கு மாதிரி தட்டுப்பட்டால் வெளிச்சத்தில் பாருங்கள்.

கடித்திருந்தால் கூர்நுனி ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, நிதானமாக மேலே இழுங்கள். திருகாதீர்கள், நசுக்காதீர்கள். தீக்குச்சி, வாஸலின், நெயில் பாலிஷ் எதுவும் வேண்டாம். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். லைம் கிருமி உடம்புக்குள் இறங்கப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால் சீக்கிரம் எடுப்பதில்தான் முழுப் பலன்.

இதை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். கடித்து மூன்று நாள் முதல் முப்பது நாளுக்குள் தடிப்பு வரலாம். படங்களில் காட்டுகிற வட்டத்துக்குள் வட்டமான சிவப்புத் தடிப்பு, வெள்ளைத் தோல்காரர்களிடம் தெரிவது. பழுப்பு, கறுப்புத் தோலில் அது கன்றிப்போன இடம் மாதிரி தெரியலாம். நடுவில் வளையம் இல்லாமலும் இருக்கலாம். சிலருக்குத் தடிப்பே வராது. காய்ச்சல், அசதி, மூட்டு வலி, முகம் ஒருபக்கம் இழுப்பது ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் "உண்ணி கடித்திருக்கலாம்" என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், ஜனவரியாக இருந்தாலும். ஆரம்ப வாரங்களில் ரத்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அதனால் அந்தத் தடிப்பை தினமும் ஒரு போட்டோ எடுத்து வைப்பது உதவும். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலோருக்கு முழுசாகக் குணமாகிவிடும்.

நாய் வளர்க்கிற தம்பி, உண்ணி மருந்தைக் குளிர்காலத்தில் நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். கருங்கால் உண்ணி இருக்கிற பகுதியில் பல கால்நடை மருத்துவர்கள் வருஷம் முழுக்கக் கொடுக்கச் சொல்கிறார்கள். வெப்ப நாடுகளில் நாய்களிடம் பார்க்கிற பழுப்பு உண்ணி வேறு. அது இந்தக் குளிரில் வெளியே பிழைக்காது, சூடான வீட்டுக்குள் வந்துவிட்டால் உள்ளேயே பெருகும்.

கொல்லைப்புறச் சருகைக் கூட்டி மரங்களின் ஓரமாகக் குவித்து விடாதீர்கள். பனிக்காலம் முழுக்க உண்ணி தங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பையில் கட்டி நகராட்சி எடுக்கிற நாளில் போட்டுவிடுங்கள்.