2147483647: உங்கள் கண்ணில் எங்கே பட்டது?

திருப்பூர், பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸ்

சம்பளம் ஏறியதும் ஆட்களுக்கு எஸ்எம்எஸ் போகிற மாதிரி எங்கள் கம்பெனியில் புது சாஃப்ட்வேர் போட்டார்கள். ஒருத்தருக்கும் போகவில்லை. பட்டியலைத் திறந்தால் ஓவர்லாக் டெய்லர், செக்கிங் அக்கா, அயர்னிங் மாஸ்டர் என்று எல்லார் பெயருக்கு நேராகவும் ஒரே செல் நம்பர்: 2147483647. செய்து கொடுத்தவர் போன் நம்பரை எழுத்தாக வைக்காமல் 32 பிட் (0 அல்லது 1 வைக்கிற 32 இடம்) முழு எண்ணாக வைத்திருக்கிறார். அதில் ஒரு பிட் பிளஸ்ஸா மைனஸா என்று காட்டவே போய்விடும். மிச்சம் 31 பிட்டில் அடங்குகிற பெரிய எண் இதுதான். 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும். நம்மூர் செல் நம்பர்கள் 6, 7, 8, 9-இல் தொடங்குகிறவை, அத்தனையும் இதைவிடப் பெரிசு. டேட்டாபேஸ் சத்தமே போடாமல் எல்லாவற்றையும் உச்சத்தில் வெட்டி வைத்துக்கொண்டது. முதலாளி வீட்டு லேண்ட்லைன் மட்டும் தப்பியது, 0421 போடாமல் ஏழு இலக்கமாக எழுதியிருந்ததால்! வெட்டுப்பட்டதை மீட்க வழியில்லை, லைன் லைனாகப் போய் மறுபடி கேட்டு எழுதினோம்.

கோபிசெட்டிபாளையம், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்

தம்பி, உங்களுக்குத் தொல்லை கொடுத்தது ஒரு பகா எண்ணுங்க. 1772-இல் கணித மேதை ஆய்லர் அதை நிரூபித்தார், கண் பார்வை ஏறக்குறைய போய்விட்ட வயதில். இதன் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். அதுவரை உள்ள பகா எண்களையெல்லாம் வகுத்துப் பார்ப்பதென்றால் நாலாயிரத்துக்கு மேல் வரும். ஆனால் இதற்கு வகுஎண் இருந்தால் அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே தீரும். அப்படிச் சலித்தால் நூறுகூடத் தேறாது. டியூஷன் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஆரம்பித்து வைப்பேன்: முதலில் 311, மீதி 35. அடுத்ததே 1303-தான், மீதி 226. நடுவில் ஒன்றுமே இல்லையா என்று கேட்கிற பிள்ளைக்குத்தான் விஷயம் பிடிபட்டது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், தெரிந்த பகா எண்களில் இதுதான் பெரியது. இதை 2-இன் 30-ஆம் அடுக்கோடு பெருக்கினால் 2305843008139952128, செவ்விய எண். தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் அதுவே வரும். இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ எழுதினார். யாருக்கும் பயன்படாது, யார் மெனக்கெடப் போகிறார்கள் என்பது அவர் கணிப்பு. அந்த மனுஷனுக்கு நம்ம ஆட்களின் பிடிவாதம் தெரியவில்லை.

ஈரோடு

அக்கா பையன் விளையாடும் கேமில் காசு இந்த எண்ணோடு நின்றுவிட்டது. ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று ஒரே அழுகை.

கோவை, ஸ்பின்னிங் மில் மெயின்டனன்ஸ்

எங்களுக்கு இது தேதியாக வந்தது. மிசினை ஓட்டுகிற பழைய கன்ட்ரோலர்கள் 1970 ஜனவரி 1 தொடங்கி நொடிகளை எண்ணுகின்றன. 2147483647-ஆவது நொடி 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8:44:07. ஷட்டவுன் அன்று ஒன்றில் தேதியை அங்கே தள்ளிவிட்டுப் பார்த்தோம். அடுத்த நொடி எண் மைனஸுக்குத் தாவி 1901 டிசம்பர் என்றது, ஷிப்ட் ரிப்போர்ட் முழுக்க மைனஸ். சப்ளையருக்குப் போன் போட்டால், "அதுக்குள்ள மிசினையே மாத்திருவீங்கண்ணா" என்று சிரிக்கிறார். எங்கள் முதலாளி மிசின் மாற்றுகிற லட்சணம் அவருக்கு எங்கே தெரியும்!