அப்பத்தா பெட்டியில் கிடைத்த 1911 வெள்ளி ரூபாய்: கிரேடு எப்படிப் பார்ப்பது?

தேவகோட்டைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பத்தாவின் தகரப்பெட்டியைக் காலி செய்தபோது அடியில் ஒரு சுருக்குப்பையில் ஐந்து வெள்ளி ரூபாய் கிடைத்தது. மூன்று விக்டோரியா, ஒன்று 1943 ஆறாம் ஜார்ஜ், இன்னொன்று 1911 ஐந்தாம் ஜார்ஜ். ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று மக்கள் ஆத்திரப்பட்டு, 1912இல் தும்பிக்கையை நீட்டி மாற்றினார்களே, அந்த 'பன்றி ரூபாய்'தான் இது. நகைக்கடைத் தராசில் 11.60 கிராம் காட்டியது. ஒரு கடையில் "தேய்ந்த காசு, வெள்ளி விலைதான் வரும்" என்றார்கள். போட்டோ பார்த்த நண்பர் ஒருவர் எக்ஸ்எஃப், அதாவது அதிகம் தேயாத நல்ல தரம் என்கிறார். யார் சொல்வது சரி என்று எனக்கே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா ஒரு விக்டோரியா காசை விபூதி போட்டுத் தேய்த்ததில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மற்றவற்றையும் அப்படிச் செய்யலாமா?

பழங்காசு ராசா

முதலில் விபூதியைத் தூக்கி உள்ளே வையுங்கள், தயவுசெய்து. குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் அது சரி, காசுக்குக் கூடாது. அம்மா தேய்த்த காசை ஒரே பல்பின் கீழே சாய்த்துப் பாருங்கள், ஒரே பக்கமாக மயிரிழை மயிரிழையாகக் கீறல் ஓடும். அந்தக் கீறலை இனி எதனாலும் எடுக்க முடியாது. காசுக்குக் கிரேடு போட்டுத் தரும் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பினால் எண் போடாமல் 'டீடெயில்ஸ், கிளீன்ட்' (சுத்தம் செய்யப்பட்ட காசு) என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். 110 வருடத்தில் தானாகப் படிந்த கறுப்புச் சாயல் அழுக்கு இல்லை, அதுதான் காசை யாரும் தேய்த்துச் சுத்தம் செய்யவில்லை என்பதற்குச் சாட்சி.

இப்போது 1911க்கு வருவோம். கிரேடு என்பது பளபளப்பு இல்லை, தேய்மானம். காசில் எந்த இடம் மேடாக இருக்கிறதோ அதுதான் முதலில் தேயும். இந்த ரூபாயில் கிரீடத்தின் மணிகள், காதுக்கு மேலே உள்ள முடி, மீசை, அங்கியில் உள்ள அந்த யானை, இவைதான் மேடு. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒற்றை பல்பின் கீழே காசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றிச் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சம் வண்டிச்சக்கரத்து ஆரக்கால் மாதிரி காசு முழுக்கத் தடையில்லாமல் சுழன்றால் அது யுஎன்சி, அதாவது புழக்கத்துக்கே வராத காசு. சுழற்சி இருந்து, மேட்டில் மட்டும் மங்கலாகச் சாம்பல் நிறத்தில் நின்றால் ஏயூ, கிட்டத்தட்ட புழங்காத காசு. ஆரக்கால் எழுத்துகளின் இடுக்கில் மட்டும் மிஞ்சியிருந்து, மீசையும் முடியும் இழை இழையாகப் பிரிந்து தெரிந்தால் எக்ஸ்எஃப். முடி திட்டாக ஒட்டிப்போய், யானையின் உருவக்கோடு மட்டும் தெரிந்தால் அதற்கு அடுத்த படியான விஎஃப். யானையே ஒரு மேடாகத்தான் தெரிகிறது என்றால் ஃபைன், அல்லது அதற்கும் கீழே.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அச்சு சரியாக அழுந்தாமல் போனாலும் யானை மொட்டையாகத் தெரியும், அது தேய்மானம் இல்லை. அந்த இடத்திலும் வெளிச்சம் சுழன்றால் அச்சுக் குறை, செத்துப்போய்க் கிடந்தால் தேய்மானம். அவசரத்தில் பார்க்கிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

கொங்கு நாணயம்

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சடித்த எடை 11.66, அதாவது ஒரு தோலா. 11.60 என்றால் பெரிதாகத் தேயவில்லை, தைரியமாக இருங்கள். போலியா என்று சந்தேகம் இருந்தால் சுண்டிப் பார்க்கவோ கல்லில் போடவோ வேண்டாம், விளிம்பு நசுங்கிவிடும். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 91.7 சதவீத வெள்ளி என்றால் சுமார் 1.12 கிராம் காட்டும். 1943இல் இது ஒத்துவராது, பயப்பட வேண்டாம். 1940இலிருந்து பாதிதான் வெள்ளி, அதன் விளிம்பில் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும்.

போட்டோவை வைத்து எக்ஸ்எஃப் என்று சொன்னதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஃபிளாஷ் அடித்தால் கீறலும் மறையும், தேய்மானமும் மறையும்.

மீனாட்சி மதுரை

தம்பி, காசின் உச்சியில் விளிம்பையும் ஒருதரம் பாருங்கள். நம் ஊரில் இந்த ரூபாய்களுக்கு வளையம் பற்றவைத்து மாலையில் கோத்துப் போடுவது வழக்கம். பிற்பாடு வளையத்தை எடுத்து அரம் போட்டு ராவியிருப்பார்கள். விளிம்பு வரிகள் அந்த ஓர் இடத்தில் மட்டும் மழுங்கியிருந்தாலோ, பொட்டாக வேறு நிறம் தெரிந்தாலோ அதுதான். முகம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் விலை பாதியாகிவிடும். என் ஆச்சியின் காசில் இப்படி இருந்ததை வாங்க வந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

தேவகோட்டைக்காரன்

நேற்று ராத்திரி கரண்ட் வந்ததும் உட்கார்ந்து பார்த்தேன். விளிம்பு சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறது, வளையத் தடம் இல்லை. மீசையில் இழை பிரிந்து தெரிகிறது, ஆனால் காதுக்கு மேலே அரிசி அளவுக்கு ஒரு இடம் சப்பையாகச் சாம்பலாக நிற்கிறது. காசைச் சாய்த்தால் எழுத்துகளுக்கு நடுவே வெளிச்சம் ஓடுகிறது, அந்த இடத்தில் ஓடவில்லை. யானைக்குக் காது தெரிகிறது, கால் பிரிந்து தெரியவில்லை. தண்ணீரில் 1.12 காட்டியது. பின்பக்கம் அடியில் தாமரைக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி.

பழங்காசு ராசா

புள்ளி இருந்தால் பம்பாய் நாணயச்சாலையில் அடித்தது, இல்லையென்றால் கல்கத்தா. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நல்ல விஎஃப்புக்கும் எக்ஸ்எஃப்புக்கும் நடுவில், நான் விஎஃப் பக்கம் நிற்பேன், கால் பிரியாததுதான் காரணம். வெள்ளி விலைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். காசை மெல்லிய பிவிசி உறையில் போட வேண்டாம், சில வருடத்தில் பச்சையாகப் பிசுபிசுத்துவிடும். மைலார் (பாலியெஸ்டர்) உறையில் போட்டு, அந்தச் சுருக்குப்பையையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.