அம்மாவின் காது நரம்புக் கட்டி: கதிர்வீச்சு பலிக்காமல் போவது எத்தனை பேருக்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 61 வயது, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வலது காதில் ஓயாத இரைச்சல். போனை இடது காதில்தான் வைப்பார். ஸ்கேனில் 16 மில்லிமீட்டர் கட்டி, புற்று இல்லை. டாக்டர் காமா நைஃப் என்கிறார், கத்தி வைக்காமல் கட்டியின் மேல் கதிர்வீச்சைக் குவிக்கும் சிகிச்சையாம். பலிக்காமல் போனால்?

பதில்: தம்பி, எனக்கு 2017இல் செய்தார்கள். நூற்றுக்கு 90 பேருக்கு மேல் கட்டி அடங்கிவிடும். மறைந்துவிடாது, வளராமல் நின்றாலே வெற்றி. இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. எட்டாம் மாத ஸ்கேனில் 2 மில்லிமீட்டர் கூடியிருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். முதல் ஒன்றிரண்டு வருடத்தில் அப்படி வீங்கி, அப்புறம் சுருங்குவது உண்டு. எனக்கும் சுருங்கியது. அவசரப்பட்டு அறுவைக்குப் போகாதீர்கள்.

பதில்: கட்டி அடங்கினாலும் கேட்கும் திறன் வருடம் போகப் போகக் குறையலாம், அம்மாவிடம் இப்போதே சொல்லுங்கள். வளர்ந்துகொண்டே போனால் அறுவைதான். கதிர்வீச்சுக்குப் பிறகு கட்டி முகநரம்போடு ஒட்டியிருக்கலாம், அதனால் கைதேர்ந்தவரிடம் போகவேண்டும்.

சரி அக்கா. எட்டாம் மாதத்தைக் குறித்துக்கொண்டேன். அம்மாவிடம் இன்றிரவே பேசுகிறேன், இடது பக்கம் உட்கார்ந்து.