ஃபுல் டேங்க் போட்டதும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் கார்: பம்ப்பா, பர்ஜ் வால்வா?

காவிரிக்கரை:
2021 மாடல், பிஎஸ்-6, 1.2 லிட்டர் பெட்ரோல் கார். டர்போ கிடையாது. 48,000 கி.மீ. ஓடியிருக்கு. பங்க்ல ஃபுல் டேங்க் போட்டு உடனே ஸ்டார்ட் பண்ணினா அஞ்சாறு விநாடி செல்ஃப் சுத்துது, ஆக்சிலேட்டரை மிதிச்சாத்தான் பிடிக்குது. பிடிச்ச பிறகும் கொஞ்ச நேரம் ஐட்லிங் 500-க்கும் 900-க்கும் நடுவுல ஆடுது, அப்புறம் தானா சரியாகிடுது. டேங்க் பாதிக்குக் கீழ இருந்தா இந்தத் தொல்லையே இல்லை. காலைல பானட் பக்கம் பெட்ரோல் வாடை அடிக்குது.

ஸ்கேனர்ல பி0172 (கலவையில பெட்ரோல் அதிகம்னு சொல்ற கோட்) பென்டிங்ல நிக்குது. ஃபுல் போட்ட பிறகு, இன்ஜின் சூடா இருக்கும்போது ஐட்லிங்ல ஃபியூயல் ட்ரிம் (ஈசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்) இப்படி: அப்பப்போ மாறுற ஷார்ட் ட்ரிம் -14, பழகி வெச்சிருக்கிற லாங் ட்ரிம் -9. 2,500 ஆர்பிஎம்-ல ரெண்டையும் கூட்டினாலே -3 தான். பிளக் புதுசு. ஒர்க்‌ஷாப்ல ஃபியூயல் பம்ப் மாத்தி இன்ஜெக்டர் கிளீன் பண்ணணும்னு எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க. அதுக்கு முன்னாடி வேற எதைப் பார்க்கணும்? 20% எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் காரணமா இருக்குமா?

நாலுசிலிண்டர்:
பம்ப்பைத் தொடாதீங்க. பம்ப் பலவீனமானா பெட்ரோல் குறையும், ஈசியு கூட்டிக் கொடுக்கும், ட்ரிம் பிளஸ்ல போகும். உங்களுக்கு மைனஸ். ஈ20-யும் அப்படித்தான்: அதுல ஆக்சிஜன் அதிகம், ட்ரிம்மை பிளஸ் பக்கம்தான் தள்ளும். ஒழுகுற இன்ஜெக்டர் ஐட்லிங்ல மைனஸ் காட்டும், ஆனா டேங்க்ல எவ்வளவு பெட்ரோல் இருக்குன்னு இன்ஜெக்டருக்குத் தெரியாது. ஃபுல் போட்டா மட்டும் வர்ற கோளாறுன்னா சந்தேகம் ஆவிப் பாதையிலதான், அதாவது ஈவாப் சிஸ்டம்.

டேங்க்ல கிளம்புற ஆவி கரி நிரப்பின கேனிஸ்டருக்குப் போய் அங்கே ஒட்டிக்கும். இந்தப் பாதைக்கு ரெண்டு கதவு. இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போற குழாய்) பக்கம் பர்ஜ் வால்வ். இது எப்பவும் மூடியிருக்கணும், இன்ஜின் சூடான பிறகு ஈசியு சொல்லும்போது மட்டும் துடிச்சுத் திறக்கும். இன்னொன்னு வெளிக்காற்று வர்ற வென்ட். இது எப்பவும் திறந்திருக்கணும். உங்க வண்டியில மூடியிருக்க வேண்டியது திறந்து கிடக்குதுன்னு நினைக்கிறேன். ஃபுல் போடும்போது பெட்ரோல் ஏற ஏற மேல இருக்கிற ஆவியில ஒரு பகுதி கேனிஸ்டருக்குத் தள்ளப்படுது. வால்வ் மூடலைன்னா, ஸ்டார்ட் பண்ற நேரத்துல அந்தக் கெட்டியான ஆவி நேரா சிலிண்டருக்குள்ள போய் கலவை அளவுக்கு மீறி ரிச் ஆகுது, அதாவது பெட்ரோல் கூடிப்போகுது. ஆக்சிலேட்டரை மிதிச்சா காற்று கூடுது, அதனால பிடிக்குது. 2,500-ல உள்ள போற காற்று பல மடங்கு, ஆவியோட பங்கு தெரியாம போயிடுது. ராத்திரி நிறுத்தி வைக்கும்போது அதே வழியில ஆவி ஏர் ஃபில்டர் வரைக்கும் வந்து வாடை அடிக்கும்.

இந்த வரிசையில பாருங்க. வெட்டவெளியில, பக்கத்துல நெருப்பு இல்லாம.

1. ராத்திரி முழுக்க நின்ன இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஸ்கேனர்ல “கமாண்டட் பர்ஜ்” (வால்வை எவ்வளவு திறக்கச் சொல்லி ஈசியு உத்தரவு போடுதுங்கிற அளவு) 0% காட்டுதான்னு பாருங்க. பர்ஜ் வால்வுல கேனிஸ்டர் பக்கத்து ஓஸைக் கழற்றி, வால்வ் முனையில விரலை வையுங்க. 0% இருக்கும்போது உறிஞ்சவே கூடாது. சூடான இன்ஜின்ல இந்தச் சோதனை ஏமாத்தும், அப்போ ஈசியுவே திறந்து வெச்சிருக்கும்.

2. உறிஞ்சினா வால்வோட கனெக்டரைக் கழற்றுங்க. உறிஞ்சல் நின்னுட்டா வயரிங் அல்லது ஈசியு பக்கம் ஷார்ட். நிக்கலைன்னா வால்வுக்குள்ளேயே சிக்கியிருக்கு.

3. ஓஸை மாட்டிட்டு சூடான ஐட்லிங்ல அதைத் துணி சுத்தின பிளையரால அழுத்தி அடையுங்க. ட்ரிம் 0 பக்கம் ஏறினா சந்தேகம் தீர்ந்தது.

4. வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்க. கரண்ட் இல்லாதப்போ காற்று போகக் கூடாது. 12 வோல்ட் கொடுத்தா ‘டிக்’னு திறந்து போகணும். ஓம் அளவு பெரும்பாலும் 20-லிருந்து 30-க்குள்ள இருக்கும். ஓம் சரியா இருந்தா வால்வ் நல்லதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. அது காயிலைத்தான் சொல்லும், வால்வ் உட்கார்ந்து மூடுற சீட்டைச் சொல்லாது.

காவிரிக்கரை:
நன்றிண்ணே. செஞ்சு பார்த்தேன். கமாண்டட் பர்ஜ் 0, ஆனா விரலை நல்லா இழுக்குது. கனெக்டரைக் கழற்றியும் நிக்கலை. ஓஸை அடைச்சதும் ஷார்ட் ட்ரிம் +2-க்கு வந்துடுச்சு. காயில் 26 ஓம். கரண்ட் இல்லாமலே ஊதினா காற்று தாராளமா போகுது. வால்வைத் தட்டினா கறுப்புத் தூள் கொட்டுது. கார்ப் கிளீனர் அடிச்சு மாட்டினா போதுமா, புதுசு வாங்கணுமா?

நாலுசிலிண்டர்:
புதுசு வாங்குங்க, ஆனா இப்பவே மாட்டாதீங்க. கார்ப் கிளீனர்ல உள்ளே இருக்கிற ரப்பர் சீட் உப்பிடும், மூடுறது இன்னும் மோசமாகும். அந்தத் தூள்தான் முக்கியம். அது கேனிஸ்டர் கரி. கரி வால்வு வரைக்கும் வந்திருக்குன்னா கேனிஸ்டர் உள்ளே உடைஞ்சிருக்கு. புது வால்வ் போட்டாலும் மறுபடி தூள் வந்து சீட்டுல உட்காரும்.

எதனால உடையுது? பங்க்ல நாசில் தானா கட் ஆன பிறகும், ரவுண்டா வரட்டும்னு இன்னும் ரெண்டு மூணு தடவை அழுத்திப் போடறது பெரிய காரணம். டேங்க்ல மேல விடப்பட்ட காலி இடம் ஆவிக்கு உரியது. அதை நிரப்பினா திரவப் பெட்ரோலே ஆவிக் குழாய் வழியா கேனிஸ்டருக்குள்ள இறங்கும். கரி ஆவியைப் பிடிச்சு வெச்சு காற்று வந்ததும் விட்டுடும். திரவத்துல ஊறினா அதைக் காலி பண்ண ரொம்ப நேரமாகும், நாளடைவுல கரி பொடிஞ்சு, அதைத் தாங்குற ஃபில்டரும் விட்டுப்போகும்.

கேனிஸ்டரைக் கழற்றிப் பாருங்க. மூணு வழி இருக்கும்: டேங்க், பர்ஜ், வென்ட். கவிழ்த்தா பெட்ரோல் சொட்டினாலோ, குலுக்கினா கற்கள் மாதிரி சத்தம் வந்தாலோ, பர்ஜ் வாயில வெள்ளைத் துணி வெச்சுத் தட்டினா கறுப்பு பிடிச்சாலோ மாத்தணும். டேங்க் வழியில மெதுவா காற்று விட்டா வென்ட்ல தடையில்லாம வரணும். வாயால ஊதாதீங்க, கைப்பம்ப் போதும். கேனிஸ்டருக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்கிற குழாயை ரெண்டு முனையும் கழற்றிட்டுத்தான் கம்ப்ரசர் காற்றால சுத்தம் பண்ணணும். டேங்க்கோட இணைஞ்சிருக்கும்போது கம்ப்ரசரை எந்தக் குழாயிலயும் வைக்கக் கூடாது.

கோவை_மல்டிமீட்டர்:
ஒண்ணு சேர்க்கிறேன். கேனிஸ்டரைக் கழற்றும்போது வென்ட் ஓஸையும் அதன் ஃபில்டரையும் பார்த்துடுங்க. நம்ம ஊர்ல குளவி மண்கூடு கட்டி அந்த வாயை அடைச்சுடும். மழை வெள்ளத்துல நின்ன வண்டின்னா சேறும் தண்ணீரும் உள்ளே போயிருக்கும். அமெரிக்காவுல 2011-ல் மஸ்தா 6 கார்கள் 50,000-க்கும் மேல திரும்ப அழைக்கப்பட்டதே, இந்த வென்ட் குழாயில சிலந்தி வலை கட்டினதாலதான். அடைச்ச வென்ட்டால டேங்க்குள்ள உறிஞ்சல் கூடி டேங்க்லயே விரிசல் விடலாம்னு பயம்.

வென்ட் அடைச்சதுக்கு அடையாளம் வேற மாதிரி இருக்கும். டேங்க் மூடியைத் திறந்தா ‘உஸ்’னு நீளமா காற்று உள்ளே இழுக்கும். சில வண்டிகள்ல பெட்ரோல் போடும்போது நாசில் திரும்பத் திரும்பக் கட் ஆகும். லேசா ஒரு மூச்சு வர்றது சகஜம், அதைக் கோளாறா எடுத்துக்காதீங்க. பர்ஜ் திறந்தபடி சிக்கி, வென்ட்டும் அடைச்சிருந்தா இன்ஜின் டேங்க்கையே உறிஞ்சும். பிளாஸ்டிக் டேங்க் உள்வாங்குறது அப்போதான்.

ஸ்பேனர்பாய்:
எதுக்கு இவ்வளவு செலவு? மேனிஃபோல்டு பக்கத்துப் பர்ஜ் ஓஸ்ல ஒரு போல்ட்டைத் திணிச்சு கிளிப் போட்டுட்டா முடிஞ்சது. புகைச் சோதனையிலயும் பாஸ் ஆகும்.

நாலுசிலிண்டர்:
தம்பி, பாஸ் ஆகும்தான், அது சைலன்சர் புகையை மட்டும் அளக்கிற சோதனை. டேங்க் ஆவி அதுல வராது. பர்ஜை அடைச்சா கேனிஸ்டர் காலியாகவே வழியில்லை. கரி நிறைஞ்சதும் வென்ட் வழியா பெட்ரோல் ஆவி வீட்டு வாசல்லயும் மூடின கார் ஷெட்லயும் வெளியே வரும். அதுல பென்சீன் இருக்கு, புற்றுநோய் உண்டாக்குற பொருள். ஒரு நாள் முழுக்க நின்னாலும் வண்டியிலிருந்து 2 கிராமுக்கு மேல ஆவி வரக் கூடாதுன்னு சோதிச்சு அனுமதி வாங்கின காரை, ஒரு போல்ட்டை வெச்சுக் கெடுக்காதீங்க. கோளாறைக் கண்டுபிடிக்க சில நிமிஷம் அடைக்கலாம், அதோட சரி.

ரொறன்ரோத்தமிழ்:
அண்ணை, இதோட சேர்த்து ஒரு கேள்வி. இஞ்ச கனடாவில 2014 கார், பி0456 (ஈவாப்பில மிகச் சின்னக் கசிவு) வருது. அழிச்சா ஒண்டு ரெண்டு கிழமையில திரும்ப வருது. பெற்றோல் மூடி புதுசா போட்டாச்சு, பர்ஜ் வால்வ் நீங்கள் சொன்ன மாதிரிப் பார்த்தன், நல்லா மூடுது. ஓட்டத்தில ஒரு பிழையும் இல்லை. இந்தியாவில ஆரும் இந்தக் கோட் பற்றிக் கதைக்கிறதில்லையே?

கோவை_மல்டிமீட்டர்:
இங்கே விற்கிற பெரும்பாலான கார்கள்ல கசிவுச் சோதனையே கிடையாது. பர்ஜ் வால்வோட மின்சுற்று அறுந்தா பி0444, ஷார்ட் ஆனா பி0445, அவ்வளவுதான் வரும். அதனாலதான் மேலே இருக்கிற கேள்வியில வால்வ் திறந்தே கிடந்தும் ஈவாப் கோட் வரலை. காயில் நல்லா இருக்கு, ஈசியுவுக்கு அது போதும். வட அமெரிக்க வண்டியில டேங்க் பிரஷர் சென்சரும், மூடக்கூடிய வென்ட் சோலனாய்டும் (கரண்ட்ல இயங்குற வால்வ்) சேர்ந்து இருக்கும். பாதையை மூடி அழுத்தம் நிக்குதான்னு ஈசியு தானே பார்க்கும். பி0442 சுமார் 1 மி.மீ. ஓட்டை, பி0456 அரை மி.மீ., பி0455 பெரிய கசிவு.

உங்க ஊர்ல ரோட்டுல உப்பு போடறதால முதல்ல ஃபில்லர் கழுத்தை, அதாவது பெட்ரோல் ஊத்துற குழாய் வாயைப் பாருங்க. மூடியோட ரப்பர் உட்கார்ற விளிம்புல துரு பிடிச்சு உரிஞ்சிருந்தா எத்தனை மூடி மாத்தினாலும் நிக்காது. அடுத்தது வென்ட் சோலனாய்டு, கேனிஸ்டர் பக்கத்துல கீழே இருக்கிறதால உப்புத் தண்ணி முழுக்க அதுமேலதான். பிறகு டேங்க் மேல பம்ப் யூனிட்டோட ஓ-ரிங்.

கண்ணுக்குத் தெரியலைன்னா, ஆவிப் பாதைக்குள்ள புகை விட்டுக் கசிவு தேடுற ஸ்மோக் டெஸ்ட்தான். ஈவாப்புக்குன்னே உள்ள மெஷினா இருக்கணும், அழுத்தம் அரை பிஎஸ்ஐ போதும், 1-ஐத் தாண்டக் கூடாது. காற்றைவிட நைட்ரஜன் நல்லது. ஸ்கேனரால வென்ட்டை மூடச் சொல்லிட்டுப் புகை விடுங்க. அரை மி.மீ. ஓட்டையில புகை நூல் மாதிரிதான் வரும், காற்று வீசாத இடமும் பிரகாசமான டார்ச்சும் வேணும். மூடியைத் திறந்து வெச்சு, கழுத்து வரைக்கும் புகை வருதான்னு முதல்ல உறுதி பண்ணிட்டு மூடுங்க.

அழிச்ச பிறகு ஒண்ணு ரெண்டு வாரம் வராம இருக்கிறது சரியானதுக்கு அறிகுறி இல்லை. பல வண்டிகள்ல டேங்க் 15-லிருந்து 85 சதவீதத்துக்குள்ள இருந்து, வண்டி பல மணி நேரம் குளிர்ந்து நின்னாத்தான் அந்தச் சோதனையே ஓடும்.

காவிரிக்கரை:
கேனிஸ்டரைக் கழற்றினேன். பர்ஜ் வாயில துணி கறுப்பாகுது, குலுக்கினா சத்தமும் வருது. வென்ட்ல அடைப்பு இல்லை. ரெண்டையும் சேர்த்தே மாத்திடறேன். மாத்தின பிறகு சரியான்னு எப்படி உறுதி பண்றது?

நாலுசிலிண்டர்:
வால்வ் மேல காற்று போற திசைக்கு அம்புக்குறி இருந்தா கவனிச்சு மாட்டுங்க, மேனிஃபோல்டு பக்கம் காட்டணும். பழைய ஓஸ் முனை வெடிச்சிருந்தா அதையும் மாத்துங்க. ஸ்கேனர்ல கோடை அழிச்சு, ஃபியூயல் ட்ரிம் லேர்னிங் ரீசெட் இருந்தா அதையும் செய்யுங்க. இல்லாட்டி கொஞ்ச தூரம் ஓடுற வரைக்கும் ஈசியு பழைய -9-ஐ மனசுல வெச்சு, பெட்ரோலைக் குறைச்சு, கலவையை லீன் ஆக்கும்.

குளிர்ந்த ஐட்லிங்ல மறுபடி விரல் சோதனை. சூடானதும் கமாண்டட் பர்ஜ் ஏறும்போது உறிஞ்சல் விட்டுவிட்டுத் துடிக்கணும். துடிக்கலைன்னா கனெக்டர்ல டெஸ்ட் லேம்ப் வெச்சு சிமிட்டுதான்னு பாருங்க. அப்புறம் பங்க்ல முதல் கட் வரைக்கும் மட்டும் போட்டு, பத்து நிமிஷம் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணுங்க. ஆக்சிலேட்டர் இல்லாம உடனே பிடிச்சு, சூடான ஐட்லிங்ல ரெண்டு ட்ரிம்மும் கூட்டி ±5-க்குள்ள நின்னா வேலை முடிஞ்சது. பர்ஜ் நடக்கும்போது ஷார்ட் ட்ரிம் கொஞ்ச நேரம் மைனஸ்ல இறங்கித் திரும்பும், அது சரிதான்.