கேம் தானாக மூடிக்கொள்கிறது, மறுபடி திறந்தால் திரை முழுக்கக் கோடு. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா? (அவசரம்)

அரைத்தூக்கம்
எல்லாருக்கும் வணக்கம். அவசரம், ப்ளீஸ். ஒரு சின்ன ஹாரர் கேம் வாங்கினேன். நன்றாகத்தான் ஓடியது. கொஞ்ச நேரத்தில் எந்த எரர் மெசேஜும் இல்லாமல் தானாக மூடி டெஸ்க்டாப்புக்கு வந்துவிட்டது. மறுபடி திறந்தால் படம் கோடு கோடாக ஓடுகிறது, சத்தமும் இழுத்து இழுத்து வருகிறது. பயந்துபோய் உடனே மூடிவிட்டேன். லேப்டாப் அக்காவுடையது, திங்கட்கிழமை அவளுக்கு ஆபீஸ் வேலை இருக்கிறது. கார்டு போய்விட்டதா?

இன்னொன்று. இந்தக் கேமில் பேயே வரவில்லை. இருட்டு வீட்டுக்குள் நடப்பது மட்டும்தான். இதற்குப் போய் நண்பன் ‘வாழ்க்கையில் இப்படிப் பயந்ததில்லை’ என்கிறான். இந்த மாதிரி அரை மணி, ஒரு மணி நேரக் கேம்களில் அப்படி என்னதான் இருக்கிறது? காசைத் திரும்பக் கேட்கலாமா?

நீலத்திரை
எந்தக் கேம்? எங்கே வாங்கினீர்கள்? எந்த விண்டோஸ்? கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்கிறதா, இல்லை பிராசஸரோடு வருவது மட்டும்தானா? வேறு கேமில் கோடு வருகிறதா? இதெல்லாம் இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

சாலிடர்_மணி
கோடு, சத்தம் இழுப்பது, தானாக மூடுவது. மூன்றும் சேர்ந்து வந்தால் வீடியோ மெமரிதான் நண்பரே, சந்தேகமே வேண்டாம். சூடு ஏறி ஏறிச் சிப்புக்கு அடியில் இருக்கிற ஈயக் குண்டுகள் விட்டுப்போயிருக்கும். ரீபால் செய்யணும், அதாவது அந்தக் குண்டுகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்கணும். என் பெஞ்சுக்கு இதே கதையோடு நிறைய வருகிறது. அதுவரை லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள்.

கத்தரிவெயில்
ரீபாலுக்கு முன்னாடி டிரைவரை, அதாவது கார்டை இயக்குகிற மென்பொருளைப் பாருங்கள். சேஃப் மோடில் போய் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு, தயாரிப்பாளர் தளத்தில் இருந்து புதிதாக இறக்கிப் போடுங்கள். எனக்குத் தெரிந்து பத்தில் எட்டுக் கேஸ் இதிலேயே முடிந்துவிடும்.

பெரிசு
தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது தம்பி. கேம் பெயர் கிடையாது, எங்கே வாங்கியது கிடையாது, ஆனால் அவசரம் மட்டும் இருக்கிறது. அதற்குள் ஒருவர் சாலிடரிங் அயர்னைச் சூடு பண்ணிவிட்டார்.

கேம் சரியாகத்தான் ஓடுகிறது. எந்தக் கேம் என்றுகூட எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். 2002-இல் நின்டெண்டோவின் கேம்க்யூப் பெட்டியில் எடர்னல் டார்க்னஸ் என்ற ஹாரர் கேம் விளையாடியவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது. பாத்திரத்துக்குப் புத்தி பேதலிக்கப் பேதலிக்க டிவி வால்யூம் தானாகக் குறைவதுபோல் காட்டும், சேவ் ஃபைலை அழிப்பதுபோல் காட்டும். நாங்கள் எல்லாம் ரிமோட்டைத் தேடி ஓடிய ஆட்கள்.

குட்டிச்சாத்தான்
பெரிசு அண்ணே, தெரிந்தால் சொல்லுங்கள், இல்லை விடுங்கள். அவர் அக்கா லேப்டாப்பை வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்கிறார்.

அரைத்தூக்கம்
கேம் பெயர் போடவில்லையா? சாரி. அனாட்டமி. விண்டோஸ் 11. தனிக் கார்டு இருக்கிறது. வேறு கேம் எதுவும் இதில் இல்லை. கேசட்டைத் தேடி எடுத்து வந்து டேப் ரெக்கார்டரில் போடணும், ஒரு பெண் குரல் வீட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிற மாதிரி பேசும். அப்படியே போய்க்கொண்டிருக்கும்போதுதான் மூடிவிட்டது.

கத்தரிவெயில்
ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியது என்றால் காசு திரும்ப வரும். வாங்கி 14 நாளுக்குள் இருக்கணும், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்கணும். காரணம் எதுவானாலும் கேட்கலாம்.

நீலத்திரை
அனாட்டமி ஸ்டீமில் கிடையாது, சின்ன கேம்கள் விற்கிற இட்ச் தளத்தில்தான். அது இருக்கட்டும், முதலில் லேப்டாப்பைப் பார்ப்போம். டிரைவரில் கை வைக்காதீர்கள். ஸ்டார்ட் மெனுவில் ‘ஈவண்ட் வியூவர்’ என்று அடித்துத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குள் அப்ளிகேஷன் என்பதைச் சொடுக்குங்கள். கேம் மூடிய நேரத்துக்கு எதிரே சிவப்புக் குறியோடு 1000 என்ற எண்ணில் பதிவு இருந்தால் அது நிஜமாகவே கிராஷ். அப்புறம் பக்கத்திலேயே சிஸ்டம் என்பதையும் பாருங்கள். டிஸ்ப்ளே என்ற பெயரில் 4101 இருந்தால் டிரைவர் நின்று மீண்டும் எழுந்திருக்கிறது, அப்போது கத்தரிவெயில் சொன்ன வழி. இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் கேம் தானே முறையாக வெளியேறியிருக்கிறது, யாரும் அதைத் தள்ளிவிடவில்லை.

கோடு வரும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். படத்திலும் கோடு இருந்தால் திரைமீதோ கேபிள்மீதோ தப்பு இல்லை.

சாலிடர்_மணி
ஸ்கிரீன்ஷாட்டில் கோடு வந்தால் அது கார்டு என்றுதானே ஆகிறது? நான் சொன்னதேதான்.

குட்டிச்சாத்தான்
கார்டு இல்லை மணி சார், கேமே அப்படி வரைகிறது. அரைத்தூக்கம், பெயரைச் சொன்னதும் புரிந்துவிட்டது. எந்தக் கோளாறும் இல்லை. மூடிக்கொள்வது கேமின் ஒரு பகுதி. மறுபடி திறந்தால் அதே வீடு, ஆனால் கொஞ்சம் கெட்டுப்போயிருக்கும். பழைய வீடியோ கேசட் தேய்ந்த மாதிரி கோடு, இழுவை எல்லாம் வேண்டுமென்றே வைத்தது. பயந்து மூடாமல் உள்ளே போங்கள். திரும்பவும் மூடும். திரும்பவும் திறங்கள். முடிவு அங்கேதான் இருக்கிறது. இதற்கு மேல் சொல்லவில்லை.

பெரிசு
சொல்லியாயிற்று இல்லையா, அப்புறம் என்ன ‘இதற்கு மேல் சொல்லவில்லை’? அந்தக் கேமில் இருக்கிற ஒரே வித்தையே அதுதான். உடைந்துவிட்டதோ என்று சந்தேகப்படும் அந்த நிமிஷத்துக்காகத்தான் கிட்டி ஹாரர்ஷோ 2016-இல் அதைச் செய்தார். நீங்கள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டீர்கள்.

குட்டிச்சாத்தான்
அண்ணே, அவர் அந்த நிமிஷத்தைத் தாண்டி டிரைவரை அழிக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் லேப்டாப் மணி சார் பெஞ்சில் இருந்திருக்கும். ஒருவர் முழுக்க ரசித்து முடித்த பயத்தை யாரும் கெடுக்கவில்லை.

வெள்ளித்திரைவாசி
இரண்டாவது கேள்வியை ஒருத்தரும் தொடவில்லையே. எனக்கு அதுதான் பிடித்த கேள்வி.

பெரிய கம்பெனி ஹாரர் கேம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓடணும். அதற்குள் பேயை நாற்பது தடவை காட்டியாகணும், நம் கையில் துப்பாக்கி கொடுத்தாகணும், தோட்டா எண்ண வேண்டியிருக்கும். மூன்றாவது மணி நேரத்தில் பேய் எப்போது வரும், எந்தப் பக்கம் ஓடணும் என்று பழகிவிடும். பழகிய பிறகு அது வேலை மாதிரி ஆகிவிடுகிறது. சின்னக் கேம் நாம் பழகுவதற்குள் முடிந்துவிடும். முக்கால்வாசி ரகசியம் அவ்வளவுதான்.

மீதி ரகசியம் எதைக் கொடுக்காமல் விடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. டேவிட் சிமான்ஸ்கியின் அயர்ன் லங் (2022) எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கடலுக்குள் ஒரு துருப்பிடித்த நீர்மூழ்கி, உள்ளே ஒரு கைதி, அது நீங்கள். முன்னால் இருக்கும் கண்ணாடியை இரும்பால் அடைத்துவிட்டார்கள், வெளியே ஒன்றும் தெரியாது. கையில் ஒரு வரைபடம், எதிரே எக்ஸ், ஒய் எண்கள், திசைக் கோணம், சுவர் நெருங்கினால் ‘பீப்’ அடிக்கும் விளக்குகள். இந்த எண்களை வைத்தே ஓட்டணும். வெளியே என்ன என்று பார்க்க வேண்டுமென்றால் இருக்கையை விட்டு எழுந்து பின்பக்கம் நடந்து, ஒரு பொத்தானை அழுத்தணும். கறுப்பு வெள்ளையில் மணல் மணலாக ஒரு படம் மெல்ல வரும். பாறையா, எலும்பா? தெரியாது. திரும்பி வந்து உட்கார்கிறீர்கள். அந்தப் படத்தில் இருந்தது இப்போதும் அங்கேயே இருக்கிறதா என்று பார்க்க மறுபடி எழுந்து நடக்கணும். மொத்தக் கேமும் ஒரே அறை, ஒரு மணி நேரம். அந்தப் பொத்தானை அழுத்தும்போது வந்த கை நடுக்கம் எனக்கு எந்தப் பெரிய கேமிலும் வந்ததில்லை.

அனாட்டமியும் அதே சாதிதான். வீட்டின் அறைகளை உடம்பின் உறுப்புகளோடு ஒப்பிட்டு அந்தக் குரல் பேசிக்கொண்டே போகும். பேய் வராது. ஆனால் கேசட் எடுக்க அடுத்த அறைக்குப் போகச் சொல்லும்போது கால் தயங்கும், ஏனென்றால் இப்போது அது அறை இல்லை. அரைத்தூக்கம், ‘பேயே வரவில்லை’ என்று எழுதினீர்களே, பேய் வந்திருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கத்தரிவெயில்
அழகாக எழுதிவிட்டீர்கள், ஆனால் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுப்பது எனக்கு ஒத்துவராது. பாதிப் பேர் காசு மிச்சம் பிடிக்கத்தான் ‘அட்மாஸ்ஃபியர்’ என்று பெயர் வைத்து இருட்டாக்குகிறார்கள். 1990-களின் பிளேஸ்டேஷன் மாதிரி படம் நெளிவதை ‘ஸ்டைல்’ என்கிறார்கள். அந்தப் பெட்டியால் புள்ளிகளைத் துல்லியமாக வைக்க முடியவில்லை, அதனால் நெளிந்தது. இப்போதைய கணினிக்கு அந்தக் கேடு இல்லையே?

வெள்ளித்திரைவாசி
இல்லைதான். 1999-இல் முதல் சைலன்ட் ஹில் ஹாரர் கேமில் மூடுபனி போட்டதும் தூரத்தை வரையத் திராணி இல்லாததால்தான். அந்தப் பனியை எடுத்துவிட்டு அந்த ஊரில் நடந்து பாருங்கள், பார்க்கிங் லாட்தான் மிஞ்சும். சுவர் நெளிந்தால் மூலையில் நிற்பது கோட்டு ஸ்டாண்டா ஆளா என்று கண் முடிவு செய்யாது. நமக்கு வேண்டியது அதுதானே.

நீலத்திரை
ஒரு மணி நேரக் காசு விஷயத்துக்கு வருகிறேன். 2021-இல் சம்மர் ஆஃப் 58 என்ற ஹாரர் கேம் வந்தது. செய்தது எமிகா கேம்ஸ், சின்ன ஸ்டூடியோ. ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற கேம், விமர்சனமும் நன்றாகவே வந்தது. ஆனால் ஸ்டீமின் 2 மணி நேர வரம்புக்குள் முடிந்துவிடுவதால் நிறையப் பேர் விளையாடி முடித்து, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டு, காசையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். காலவரையின்றி கேம் செய்வதை நிறுத்துகிறேன் என்று அந்த டெவலப்பர் அறிவித்துவிட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டு இலையைக் காட்டிக் காசு கேட்கிற கதை இது.

கத்தரிவெயில்
விதியை எழுதியது ஸ்டீம், நான் இல்லை. பிடிக்காதவனும் இரண்டு மணி நேரத்துக்குள்தான் கேட்க முடியும். முடித்தவனையும் பிடிக்காதவனையும் எப்படிப் பிரிப்பீர்கள்? கேமின் நீளத்துக்கு ஏற்ப விதி மாறணும் என்றால் அதற்கு ஒத்துக்கொள்கிறேன்.

பெரிசு
நீளத்தை அளந்து கேம் வாங்குகிறவர்களுக்குப் பி.டி. என்ன என்று தெரியுமா? 2014 ஆகஸ்டில் சைலன்ட் ஹில்ஸுக்கு முன்னோட்டமாக பிஎஸ்4-இல் இலவசமாக விட்டார்கள். எல் (L) எழுத்துப்போல் வளைந்த ஒரே ஒரு நடைபாதை, கதவைத் திறந்து வெளியேறினால் மறுபடி அதே நடைபாதை. அதுவும் நடுவில் கிராஷ் ஆனதுபோல் நடித்தது. முழுக் கேமை ரத்து செய்து 2015-இல் அதையும் கடையில் இருந்து தூக்கிவிட்டார்கள். ஒரு நடைபாதையைப் பார்த்து எத்தனை பேர் கேம் செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்று கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்.

குட்டிச்சாத்தான்
இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 2020-இல் வந்த ட்ரெட் எக்ஸ் கலெக்‌ஷன் அந்த வழிதான். பத்து டெவலப்பர்களை ஏழே நாளில் பி.டி. போல ஒரு முன்னோட்டம் செய்யச் சொல்லி, பத்தையும் ஒரே கட்டாக விற்றார்கள்.

சாலிடர்_மணி
இவ்வளவு பேசுகிறீர்கள், ஈவண்ட் வியூவரில் என்ன வந்தது என்று அவர் இன்னும் சொல்லவில்லை. எதற்கும் பின்பக்கத்தைத் திறந்து ஃபேனில் தூசி இருக்கிறதா பாருங்கள் நண்பரே. மூன்று வருஷம் பழைய லேப்டாப் என்றால் சிப்பின் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

நீலத்திரை
லேப்டாப் வயசை அவர் சொல்லவே இல்லையே மணி.

அரைத்தூக்கம்
பார்த்தேன். 1000 இல்லை, 4101-உம் இல்லை. கடைசி வரை போனேன். நடுவில் அக்கா கதவைத் தட்டினாள், அதை எழுத வேண்டாம் என்று இருக்கிறேன். லேப்டாப் நன்றாக இருக்கிறது. காசு திரும்பக் கேட்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. அயர்ன் லங் இந்த லேப்டாப்பில் ஓடுமா?

நீலத்திரை
ஓடும். எந்தக் கார்டு என்று இன்னும் சொல்லவில்லை, ஆனாலும் ஓடும். வரைபடத்தில் இருக்கிற இடங்களின் எண்களைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் கட்டாயம்.